பெயருக்கு ஏது பட்டா?

எங்கள் தெருவில் மூன்று செந்தில்கள் இருக்கிறார்கள். கேஸ் செந்தில், வாத்தியார் செந்தில், சும்மா செந்தில். அடைமொழி சம்பாதிக்கிற அளவுக்கு மூன்றாமவர் இதுவரை எதுவும் செய்யவில்லை, அதனால் சும்மா. கூரியர்காரர் வந்தால் முதலில் அவர் வீட்டைத்தான் தட்டுவார். பார்சல் எப்போதும் மற்ற இருவரில் ஒருவருக்குத்தான் வந்திருக்கும்.

சாமானியனுக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். 2024 மக்களவைத் தேர்தலில் அந்த எண்ணமும் போயிற்று. முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். கூடவே இன்னும் ஐந்து ஓ.பன்னீர்செல்வங்கள் வேட்புமனு போட்டுக் களத்தில் நின்றார்கள். மூன்று முறை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர், சொந்தப் பெயரில் ஆறில் ஒரு பங்குக்காரர் ஆனார். வீட்டுக்குப் பட்டா வாங்கலாம், வயலுக்கு வாங்கலாம். பெயர் மட்டும் புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் கொட்டகை போட்டுக்கொள்ளலாம்.

ஒரு மனிதர் இந்தப் புறம்போக்கில் இரண்டு தடவை மாட்டினார். அவர் விளையாட்டு வீரர். பிறந்தபோது வைத்த பெயர் ஓர் அரசியல்வாதியுடையது. வேண்டாம் என்று உதறிவிட்டு வேறு பெயருக்குக் குடிபோனார். போன இடத்தில் ஏற்கெனவே நான்கைந்து அரசியல்வாதிகள் திண்ணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொடுமை என்னவென்றால், அடிதடியில் உலக சாம்பியன் இவர். ஆனால் முதல் பெயரின் ஒரிஜினல் சொந்தக்காரரோடு ஒப்பிட்டால் இவர் சாது.

அந்தப் பெரியவர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காசியஸ் மார்செல்லஸ் கிளே. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1810இல் பிறந்தார். அப்பா கிரீன் கிளே அந்த மாநிலத்தின் பெரும் பண்ணையார்களில் ஒருவர், அடிமைகளை வைத்து விவசாயம் பார்த்தவர். நம் கணக்கில் மிராசுதார். மகன் யேல் கல்லூரிக்குப் போனார். போன இடத்தில் வில்லியம் லாயிட் கேரிசன் என்ற அடிமை ஒழிப்புக்காரரின் பேச்சைக் கேட்டுத் தொலைத்தார். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப, அவன் கட்சிக்காரனாகத் திரும்பி வந்த கதை நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் நிறைய உண்டு. கிரீன் கிளே இதைப் பார்க்க உயிரோடு இல்லை. கொடுத்துவைத்தவர்.

இருபத்தைந்து வயதில் மகன் கென்டக்கி சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அடிமை முதலாளிகள் நிறைந்த ஊரில் அடிமை முறைக்கு எதிராகப் பேச வேண்டும் என்றால் துணிச்சல் மட்டும் போதாது, கத்தியும் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். இடுப்பில் எப்போதும் ஒரு போவி கத்தி இருக்கும். அது கசாப்புக் கடைக் கத்திக்கும் அரிவாளுக்கும் நடுவில் ஒரு சாதி. பொதுக்கூட்டத்தில் பேச எழுந்தால் மேஜைமேல் ஒரு பைபிளையும், அமெரிக்க அரசியல் சட்டத்தையும், பக்கத்தில் ஆயுதத்தையும் எடுத்து வைப்பாராம். கடவுளுக்குப் பயப்படுகிறவர்களுக்கு முதலாவது, சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இரண்டாவது, மற்றவர்களுக்கு மூன்றாவது. இது கதையாகவே இருக்கலாம். ஆனால் 1843 ஆகஸ்டில் நடந்தது கதையில்லை.

ரஸ்ஸல் கேவ் என்ற இடத்தில் தேர்தல் கூட்டம். எதிர்க்கட்சி வேட்பாளர் பேச, கிளே நடுவில் குறுக்கிட்டார். சாம் பிரவுன் என்பவர் துப்பாக்கியை எடுத்து நேராகக் கிளேயின் மார்பைப் பார்த்துச் சுட்டார். குண்டு பாய்ந்தது. கிளே விழவில்லை. கத்தியை உருவிக்கொண்டு சுட்டவர் மேலேயே பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாம் பிரவுனுக்கு ஒரு கண் போனது, காது அறுந்தது, மண்டையில் வெட்டு. பிறகு ஆளைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றுநீரில் போட்டுவிட்டார் கிளே. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், குண்டு கத்தி உறையின் வெள்ளிப் பூணில் பட்டு நின்றிருந்தது.

இதற்கு மேல்தான் வேடிக்கை. வழக்கு யார் மேல் போட்டார்கள்? சுட்டவர் மேல் இல்லை, கிளே மேல். உறுப்புச் சேதம் விளைவித்த குற்றம். அவருக்காக வாதாடியவர் பங்காளி ஹென்றி கிளே. அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்ற அதே ஹென்றி கிளேதான். மக்கள் தீர்ப்பில் அதிர்ஷ்டம் இல்லாதவருக்கு ஜூரி தீர்ப்பில் இருந்தது. காசியஸ் விடுதலை.

இரண்டு வருடம் கழித்து லெக்சிங்டன் நகரத்தில் பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘தி ட்ரூ அமெரிக்கன்’. நம் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் அவதூறு வழக்குக்காக ஒரு வக்கீலைப் பிடித்து வைத்திருப்பார். இவர் ஆபீஸ் வாசலைக் குறிவைத்து இரண்டு பீரங்கிகளை வைத்திருந்தார். கதவுக்கு இரும்புத் தகடு. நிலைமை மிஞ்சினால் கூரை வழியாகத் தப்பிக்க ஒரு வழி, தப்பித்த பிறகு ஆபீஸையே வெடிக்கவைக்க ஒரு பீப்பாய் மருந்து. இத்தனை ஏற்பாடும் செய்தவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரிய மனிதர்கள் அறுபது பேர் ஒரு கமிட்டியாக வந்தார்கள். அச்சு இயந்திரத்தைக் கழற்றி, மூட்டை கட்டி, பக்கத்து மாநிலத்து சின்சினாட்டிக்குப் பார்சல் அனுப்பிவிட்டுப் போனார்கள். பீரங்கி ஒரு குண்டுகூடப் போடவில்லை.

1849இல் இன்னொரு கூட்டத்தில் ஒரு குடும்பமே அவர்மேல் பாய்ந்தது. கத்திக்குத்து வாங்கினார், திருப்பிக் குத்தினார், எதிரி செத்துப்போனார், இவர் பிழைத்தார். 1860இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் தேர்வில் இரண்டாவதாக வந்தார். லிங்கன் ஜெயித்ததும் இவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். திறமையைப் பார்த்து அனுப்பினாரா, இந்த ஆசாமி எட்ட இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று அனுப்பினாரா தெரியாது. என் ஓட்டு இரண்டாவதற்கு. 1867இல் அலாஸ்காவை ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு விற்றபோதும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தூதர் இவரே. பேரம் வாஷிங்டனில் படிந்தது என்றாலும் அந்தப் பெருமையில் தனக்கும் பங்கு உண்டு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டார்.

இந்த மனிதரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அடிமை முறையை எதிர்த்ததற்கு அவர் அதிகம் சொன்ன காரணம், அது கென்டக்கியின் பொருளாதாரத்தையும் ஏழை வெள்ளைக்காரனின் பிழைப்பையும் கெடுக்கிறது என்பது. 1844இல் தன் அடிமைகளை விடுவித்தார், ஆனால் குடும்ப டிரஸ்ட் சொத்து என்ற கணக்கில் சிலர் விடுபடாமலே இருந்தார்கள். எண்பத்து நான்கு வயதில் பதினைந்து வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊர் எதிர்த்தபோது வீட்டு வாசலில் பீரங்கியை நிறுத்தினார் என்று கதை சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடங்களில் அந்தப் பெண் விலகிப் போனதுதான் இந்தக் கதையில் ஒரே நல்ல செய்தி. கிழவர் 1903இல் செத்தார்.

ஒன்பது வருடம் கழித்து, அதே கென்டக்கியில், லூயிவில் நகரத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. நமக்காகக் கத்தி எடுத்த வெள்ளைக்காரன் என்ற மரியாதையில் காசியஸ் மார்செல்லஸ் கிளே என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து கடைகளுக்கு போர்டு எழுதும் பெயின்டர் ஆனது. 1942 ஜனவரியில் தனக்குப் பிறந்த மகனுக்கும் அதே பெயரை வைத்து, கூடவே ஜூனியர் என்று சேர்த்தது.

தலைவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது நமக்குப் புதிதா? காமராஜ், நேரு, ஸ்டாலின் என்று நம் வாக்காளர் பட்டியலே ஒரு உலக வரலாறு. அமெரிக்கர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. குரோவர் கிளீவ்லாண்ட் என்று ஓர் அதிபர். அவர் பதவியில் இருந்தபோது பிறந்த ஒரு குழந்தைக்கு குரோவர் கிளீவ்லாண்ட் அலெக்சாண்டர் என்று பெயர் வைத்தார்கள். அது பேஸ்பால் பந்து எறிவதில் பெரும்புள்ளி ஆனது, 373 ஆட்டங்கள் ஜெயித்தது. 1952இல் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். அவராக நடித்தவர் ரொனால்டு ரீகன். ஓர் அதிபரின் பெயரில் பிறந்து, இன்னொரு அதிபரின் முகத்தில் திரைக்கு வந்த விளையாட்டு வீரர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

லூயிவில் பையனுக்கு வருவோம். பன்னிரண்டு வயதில் அவன் புது சைக்கிள் திருட்டுப் போனது. திருடனை உதைப்பேன் என்று அழுதுகொண்டே போய்ப் புகார் சொன்னான். கேட்ட போலீஸ்காரர் ஜோ மார்ட்டின் பக்கத்திலேயே குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர். உதைப்பதற்கு முன்னால் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964 பிப்ரவரியில் மயாமியில் சோனி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன். சைக்கிள் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜெயித்த கையோடு, கிளே என்பது அடிமைக்கு முதலாளி வைத்த பெயர், எனக்கு வேண்டாம் என்றார். இஸ்லாத்துக்கு வந்திருந்தார். மார்ச்சில், அவர் சேர்ந்திருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பின் தலைவர் எலைஜா முகமது அவருக்கு முகமது அலி என்று பெயர் சூட்டினார். அடிமை முறையை எதிர்த்துக் காதறுத்தவரின் பெயர், அடிமைப் பெயர் என்று குப்பைக்குப் போனது. பெரியவர் இருந்திருந்தால் கத்தியைத் தேடியிருப்பார். ஆனால் கொஞ்சம் யோசித்தால் பையன் சொன்னதும் சரிதான். அப்பாவுக்கு வைத்தது மரியாதையில் என்றாலும், அந்தக் கிளே யாருடைய வீட்டுப் பெயர்?

பத்திரிகைகள் வருடக்கணக்கில் கிளே என்றே எழுதின. 1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் எர்னி டெரல் என்ற எதிராளி சண்டைக்கு முன் வாய் தவறாமல் கிளே, கிளே என்றே கூப்பிட்டார். சண்டையில் அலி ஒரு குத்து விட்டு “என் பேர் என்ன?” என்று கேட்டார். பதில் வரவில்லை. இன்னொரு குத்து, மறுபடி அதே கேள்வி. பதினைந்தாவது சுற்று முடியும்வரை இப்படியே போனது. முதல் சுற்றிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் டெரலின் கண்ணாவது தப்பித்திருக்கும்.

அதே வருடம் ஏப்ரலில் அதே ஹூஸ்டனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் காசியஸ் கிளே என்று கூப்பிட்டார்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்திருந்த அலி அசையவில்லை. பட்டத்தைப் பிடுங்கினார்கள், தண்டனை கொடுத்தார்கள். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் தலைப்பில் அவர் பெயர் எப்படி இருந்தது தெரியுமா? கிளே (எ) அலி. தினசரியில் ‘கோழி (எ) குமார் கைது’ என்று வருமே, அதே (எ). உலக சாம்பியனுக்கும் அதே மரியாதைதான்.

சரி, புதுப் பெயராவது காலி மனையா?

எகிப்தை 1805 முதல் ஆண்டவர் முகமது அலி பாஷா. 1811இல் மம்லுக் தலைவர்களை விழாவுக்கு வாருங்கள் என்று கெய்ரோ கோட்டைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, மொத்தமாகத் தீர்த்துக்கட்டியவர். அவருடைய வாரிசுகளைத்தான் 1952இல் நாசரும் கூட்டாளிகளும் துரத்திவிட்டார்கள். அந்த நாசர், 1964இல் கெய்ரோவுக்கு வந்த குத்துச்சண்டை முகமது அலியைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றார். பாகிஸ்தானைப் பார்த்தால், உருவாக்கியவரே முகமது அலி ஜின்னா. 1953இல் பிரதமரானவர் முகமது அலி போக்ரா. 1955இல் அவருக்குப் பதிலாக வந்தவர் சௌத்ரி முகமது அலி. வாசல் போர்டை மாற்றும் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

ஆனால் நமக்கு நெருக்கமான முகமது அலி ஆற்காட்டில் இருந்தார். நவாப் முகமது அலி வாலாஜா. சென்னை வாலாஜா சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தவர்கள் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஏறியிருப்பீர்கள். அவர் அப்பா அன்வருதீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் செத்தார். பிரியாணிக்கு முன்னால் ஆம்பூருக்கு அதுதான் பெயர். மகன் திருச்சிக் கோட்டைக்கு ஓடி உள்ளே உட்கார்ந்துகொண்டார். வெளியே நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். முற்றுகையை உடைக்க, 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் போய்ப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஆற்காட்டு வீரர் கிளைவ், உண்மையில் இந்த முகமது அலிக்கு வாடகைக்குச் சண்டை போட வந்தவர்.

அந்த வாடகைதான் விஷயம். கும்பெனிக்காரன் சண்டை போடுவான், பில் நவாபுக்கு வரும். பில் கட்டக் கடன் வாங்குவார். கடன் கொடுப்பவனும் கும்பெனிக்காரன்தான், தனிப்பட்ட முறையில், கந்து வட்டிக்கு. 1764இல் மதுரையில் மருதநாயகம் என்கிற யூசுப் கானைத் தூக்கில் போட வைத்ததும், 1768இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியதும் இந்த நவாப்தான். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்டு, கும்பெனியில் இன்ஜினியராக வந்தவர். நம் ஊரில் வட்டிக்கு விட்டவர் மிஞ்சினால் கவுன்சிலர் ஆவார். நவாபுக்கு வட்டிக்கு விட்டவர்கள் லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் அந்த மன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே ஒரு நெடும்பேச்சு பேசினார். நவாப் 1795இல் கண்ணை மூடினார். 1801இல் கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கும்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. முகத்தில் ஒரு குத்துகூட விழாமல் நாக் அவுட்.

வாலாஜா சாலை ஓரத்துக் கிரிக்கெட் மைதானத்துக்கும் பெயர்க் குழப்பம் உண்டு. வெளியூர்க்காரர்கள் முன்னாள் நிதியமைச்சர் பெயரா என்று கேட்பார்கள். அவர் ப. சிதம்பரம், இது எம்.ஏ.சிதம்பரம்.

அந்தச் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 1980இல், குத்துச்சண்டை முகமது அலியே வந்து இறங்கினார். ஓய்வு பெற்றிருந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எதிரில் ஜிம்மி எல்லிஸ், அதே லூயிவில் ஊர்க்காரர், சின்ன வயதுத் தோழர், அவரும் ஒரு காலத்தில் சாம்பியன். பார்க்க வந்தவர் முதல்வர் எம்.ஜி.ஆர். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பரம்பரை பரம்பரையாக கிளவுஸ் மாட்டும் வட சென்னைக்கு அது திருவிழா. எம்.ஜி.ஆரையும் அலியையும் ஒரே மேடையில் பார்த்தவர்கள் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தவித்திருப்பார்கள். அதே வருடம் பிப்ரவரியிலேயே டெல்லி எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்துவிட்டது.

அலியின் இந்தியப் பயணத்துக்கு நடுவில் வாஷிங்டனிலிருந்து அழைப்பு வந்தது. ஆப்கானிஸ்தானுக்குள் ரஷ்யப் படை புகுந்ததால் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அமெரிக்கா ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச அலியைத் தூதராக அனுப்ப அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு யோசனை. கவனியுங்கள், ஜிம்மி கார்ட்டர் என்ற பெயரில் அசல் குத்துச்சண்டை வீரர் ஒருவர் இருந்தார். 1950களில் உலக லைட்வெயிட் பட்டத்தை மூன்று தடவை பிடித்தவர். அரசியல் கார்ட்டர் பட்டத்தைப் பிடித்தது ஒரே தடவை.

ஆக, ஒரு காசியஸ் கிளே ரஷ்யாவோடு சிநேகம் வளர்க்கப் போன தூதர். நூறு வருடம் கழித்து இன்னொரு காசியஸ் கிளே (எ) முகமது அலி ரஷ்யாவுக்கு எதிராகப் பேசப் போன தூதர். இந்தியாவிலிருந்து அமெரிக்க அரசு விமானத்தில் ஏறி நேராக தான்சானியா போய் இறங்கினார். அங்கே அதிபர் நைரேரே, ஒரு நாட்டோடு பேச விளையாட்டு வீரனையா அனுப்புவது என்று முகம் கொடுக்கவே மறுத்துவிட்டார். நிருபர்களோ, தென் ஆப்பிரிக்க விவகாரத்துக்காக 1976 ஒலிம்பிக்கை நாங்கள் புறக்கணித்தபோது உங்கள் அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று பிடித்துக்கொண்டார்கள். அலிக்கு அந்தச் சங்கதியே தெரியாது. அனுப்பியவர்கள் சொல்லவில்லை. என்னை ஏமாற்றி அனுப்பிவிட்டார்களோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கத்தி கொண்டுபோன கிளேகூடத் தூதர் வேலையில் இவ்வளவு அவதிப்பட்டதில்லை.

ஐந்து நாடு சுற்றினார். கென்யாவும் லைபீரியாவும் புறக்கணித்தன, அதில் கென்யா முன்பே முடிவெடுத்திருந்தது. தான்சானியா, நைஜீரியா, செனகல் மூன்றும் மாஸ்கோ கிளம்பின.

பெரிய ஹாக்கி நாடுகள் பல வராததால் அங்கே ஆடவர் ஹாக்கிக்கு ஆறே அணிகள் மிஞ்சின. அந்த வெற்றிடத்தில், வி.பாஸ்கரன் என்ற தமிழர் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியது. ஹாக்கியில் நமக்கு இதுவரை அதுதான் கடைசித் தங்கம். அமெரிக்காவின் பேச்சைக் கேட்காமல் வந்த தான்சானியா முதலில் மாட்டியது நம்மிடம். ஸ்கோர்: இந்தியா 18, தான்சானியா 0.